அடிக்கத் தெரியாத வீரன்

தோட்டத்துக் கிராணியாரின் கணக்கேட்டிலே "சைபர்" என்றால் ஒன்றுமில்லை என்று பொருள். பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் அப்படியே. பரீட்சையில் சைபர் வாங்கியவன் வீடு திரும்பும்போது அவன் நடை எவ்வளவு தளர்ந்து போகிறது என்பதை நாம் கண்டதில்லையா? ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. பிறர் அறியா வண்ணம் எழுதப்படும் மறைமொழிக்கும் அதுவே பெயர். அமெரிக்க நாட்டுச் சித்திரக் கதைக்காரர்கள் ஒரு சிறுவனுக்கு இப்பெயரைச் சூட்டினார்கள். அவனோ மறைமொழி எதுவாயினும் படித்தறிய வல்லவன். அவன் கதையைப் படித்த வாசகர்களோ அவனை ஒன்றுமில்லாதவன் என்றே எண்ணினார்கள். பெயரின் இரு பொருளும் பலித்துவிட்டன.

சித்திரக் கதை என்றவுடன், இலக்கியப் பகுதியில் இதற்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் இருப்பார்கள். இவ்விதழ்களை என் தமக்கை மகன் கொண்டு வந்து காட்டியபோது நானும் முதலில் முகம் சுளித்தவன்தான். ஆனால் ஒன்று. சிறுவர்கள் எவனைக் கண்டு "இவனைப் போல் ஆகவேண்டும்" என்று ஏங்குகிறார்களோ, எவனைக் கண்டு "இவன் தொலைந்தால் தேவலை" என்று வெறுக்கிறார்களோ, அங்கேதான் ஒரு சமூகம் எதை மதிக்கிறது, எதை மதிக்கவில்லை என்பது ஒளிவு மறைவின்றித் தெரியும். பெரியவர்கள் மேடையில் பேசும்போது அது தெரியாது.

மார்வெல் என்னும் பதிப்பகம் 1982ஆம் ஆண்டில் "நியூ மியூட்டன்ட்ஸ்" என்ற கதை வரிசையைத் தொடங்கியது. பிறவியிலேயே உடலில் ஒரு மாறுதல் அமைந்து, வாலிபம் எட்டும் வயதில் அதிசய ஆற்றல் வெளிப்படுகின்ற பிள்ளைகளை அக்கதைகள் "மியூட்டன்ட்" என்று அழைக்கின்றன. உலகம் அவர்களைக் கண்டு அஞ்சுகிறது, அஞ்சுவதால் வெறுக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் பேராசிரியர் சேவியர் என்பவர் நடத்தும் பள்ளியில் அவர்கள் ஒன்று சேர்கிறார்கள். கென்டக்கி நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகனான சாம், பீரங்கிக் குண்டைப்போல் விண்ணில் பாய்வான். பிரேசில் தேசத்து ரொபர்ட்டோ வெயிலை உண்டு பலம் கொள்வான். ஸ்காட்லாந்துப் பெண் ரேன் ஓநாயாக மாறுவாள். செயன் பழங்குடியில் பிறந்த டேனி, எதிரியின் மனத்திலுள்ள அச்சத்தை அவன் கண்முன்னே உருவமாக நிறுத்துவாள். ரஷ்ய நாட்டு இல்யானாவோ நினைத்த மாத்திரத்தில் இங்கிருந்து மறைந்து அங்கே தோன்றுவாள்.

இவர்களிடையே 1984இல், அத்தொடரின் 13ஆம் இதழில், டக்ளஸ் ராம்சே என்னும் சிறுவன் வந்து சேர்ந்தான். டக் என்பது அவனைக் கூப்பிடும் பெயர். எழுதியவர் கிறிஸ் கிளேர்மான்ட். ஓவியர் சால் புஸ்ஸேமா. அவனுடைய ஆற்றல் யாது? எந்த மொழியாயினும், பேசுவதாயினும் எழுதியதாயினும் கணினிக்குள் ஓடும் குறியாயினும், அவனுக்கு விளங்கிவிடும். அவ்வளவுதான். அவன் பறக்கமாட்டான், பாறையைத் தூக்கமாட்டான், குண்டு பட்டால் சாவான். தனக்கு இப்படி ஓர் ஆற்றல் இருப்பதே அவனுக்கு வெகுநாள் தெரியாது. ஏதோ நமக்குக் கணினி நன்றாக வருகிறது என்று மட்டும் எண்ணியிருந்தான். பறப்பவனுக்குத் தான் பறப்பது தெரியாமற் போகுமா? பிறரைப் புரிந்துகொள்பவனுக்கோ தான் செய்வது ஒரு செயல் என்பதே தெரிவதில்லை.

21ஆம் இதழில் ஒரு காட்சி. வானவெளியிலிருந்து ஒரு பிராணி அப்பள்ளியில் வந்து விழுகிறது. உயிரும் இயந்திரமும் கலந்த உடல், நொடிக்கொரு வடிவம், வாயிலிருந்து வருவது பேச்சா இரைச்சலா என்று அறிய முடியாத ஓசை. பிள்ளைகள் இது பகைதான் என்று முடிவு கட்டிச் சண்டைக்கு நிற்கிறார்கள். அவர்கள்மீது குற்றம் சொல்வதற்கில்லை. நம் வீட்டுக் கூரையைப் பிளந்துகொண்டு அப்படியொன்று வந்து விழுந்தால் நாமும் கையில் அகப்பட்டதைத்தான் தூக்குவோம். அந்த இரவில் டக்கை அழைத்து வருகிறார்கள். அவன் ஒரு மியூட்டன்ட் என்ற உண்மையே அன்றுதான் அவனுக்குச் சொல்லப்படுகிறது. அவன் அந்த ஓசையைக் கேட்கிறான். கேட்கக் கேட்க அது மொழியாகிறது. வந்தவன் பெயர் வார்லாக். அவன் குலத்தில் தகப்பனும் பிள்ளையும் ஒருவரையொருவர் கொல்லும்வரை பொருதே ஆகவேண்டும் என்பது விதி. இவனுக்குக் கொல்லவும் மனமில்லை, சாகவும் மனமில்லை. ஓடி வந்திருக்கிறான். அவன் குலத்தின் கணக்கில் அவனே ஒரு பிறழ்ச்சி. அதாவது அவனும் ஒரு மியூட்டன்ட்.

பகைவன் என்று நின்றவன் அரை நாழிகையில் அபயம் தேடி வந்த அகதியாகிவிட்டான். அவன் உடம்பில் ஓர் அணுவும் மாறவில்லை. அவன் சொன்னது காதில் ஏறிற்று, அதுதான் நடந்தது. அன்று சாமின் பாய்ச்சலும் ரொபர்ட்டோவின் பலமும் வென்றிருந்தால் ஓர் அப்பாவி அடிபட்டுச் செத்திருப்பான். பிள்ளைகள் தாங்கள் வீரச்செயல் புரிந்ததாகவே மகிழ்ந்திருப்பார்கள். அவர்கள் கையில் பாவம் படியாமற் காத்தவன் டக். ஆயினும் இக்காட்சியை யாரும் வீரக் காட்சி என்று சொல்வதில்லை.

இங்கே ஒரு தடை எழும். உழைத்துப் பெறாத அறிவுக்குப் பெருமை உண்டோ? இரவெல்லாம் விளக்கெரித்து இலக்கணம் கற்றவனைப் போற்றலாம். பிறவியிலேயே எல்லா மொழியும் விளங்கும் என்றால், அது நெட்டையாகப் பிறந்ததைப் போன்ற ஒரு தற்செயல்தானே? தடை நியாயமானது. ஆனால் அதை ஏன் டக்கிடம் மட்டும் கேட்கவேண்டும்? சாம் பறப்பதற்கு எந்தப் பள்ளியில் பாடம் படித்தான்? பலம் பிறவியில் வந்தால் அது வரம் என்றும், அறிவு பிறவியில் வந்தால் அது தற்செயல் என்றும் பேசுவது ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைப்பதாகும்.

அதுவுமன்றி, காது கேட்பது வேறு. செவி கொடுப்பது வேறு. மொழி விளங்குவது டக்குக்குப் பிறவியில் வந்தது. அந்தப் பயங்கர உருவத்தின் முன் ஓடாமல் நின்று, "நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்க மனங்கொண்டது பிறவியில் வந்ததன்று. அதை அவனே தெரிந்தெடுத்தான். ஒரே மொழி பேசும் அண்ணன் தம்பியர் பத்து வருஷம் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமல் ஒரே கூரையின்கீழ் வாழ்வதை நாம் அறிவோம். அவர்களுக்குக் குறைந்தது அகராதியா?

வார்லாக்கும் டக்கும் உயிர்த் தோழர்களானார்கள். சில வேளைகளில் இருவரும் உடல் கலந்து ஒரே உருவாய் நிற்பார்கள். அப்படிக் கலக்கும்போது வார்லாக்கின் உடலிலுள்ள ஒரு கொடிய தொற்று தன்னையும் பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு என்று டக் அறிவான், அறிந்தும் கலந்தான். மற்றவர்கள் ஆற்றலைக் கொண்டு பகைவர்மேல் பாய்ந்தார்கள். இவன் தன்னையே ஒரு நண்பனுக்குத் திறந்து விட்டான். இரண்டில் எது துணிச்சல் மிகுந்தது என்பதை வாசகர்கள் யோசிக்கட்டும்.

அந்நாளைய வாசகர்கள் யோசிக்கவில்லை. அத்தொடரைப் பின்பு எழுதிய லூயிஸ் சைமன்சன் அம்மையார் இதனைப் பல்லாண்டுக்குப் பின் நினைவுகூர்ந்திருக்கிறார். அவனை வரைவதில் ஓவியர்களுக்கு உற்சாகமில்லை. மற்றவர்கள் போரிட, இவன் ஒரு மரத்தின் பின்னே ஒதுங்கி நிற்கிறான்; இதில் வரைவதற்கு என்ன இருக்கிறது? இவனைக் கொன்றுவிடலாகாதா என்று அவர்களே கேட்டார்களாம். வாசகர்களும் வெறுப்பைக் கொட்டிக் கடிதம் எழுதினார்களாம். அவனைப் பிடிக்கிறது என்று ஒரு கடிதமும் வரவில்லை, அவன் இறக்கும்வரை.

பல மொழிகள் ஒரே சந்தையில் ஒலிக்கும் ஊர்களில் வாழும் நமக்கு இந்த அலட்சியம் புதிதன்று. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லைத் தவறவிட்டால் நிரபராதி சிறைக்குப் போவான். வழக்கு வென்றபின் மாலை வக்கீலுக்குத்தான் விழுகிறது.

1988ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் என்று தேதியிட்ட 60ஆம் இதழில் டக் இறந்தான். பறவையும் மனிதனும் கலந்தாற்போன்ற ஓர் அப்பாவிப் பிராணிக்கு உதவுவதற்காகப் பிள்ளைகள் ஒரு தீவுக்குப் போகிறார்கள். அங்கே விலங்குகளை அறுத்து ஒட்டிப் புதுப் பிராணிகளைப் படைக்கும் ஒரு கொடியவன் இருக்கிறான். கைகலப்பு நேர்கிறது. அவன் ரேன் என்னும் பெண்ணைக் குறிபார்த்துத் துப்பாக்கியை நீட்டுகிறான். டக் குறுக்கே பாய்கிறான். குண்டு அவன்மேல் பாய்கிறது. போரின் இரைச்சலில் அவன் விழுந்ததையே ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லாம் அடங்கிய பிறகுதான் தோழர்கள் அவனைத் தேடுகிறார்கள், அவன் போய்விட்டான். எல்லாருடைய சொல்லையும் கேட்டவன் சாகும்போது, அவன் குரல் ஒருவர் காதிலும் விழவில்லை. ஓவியர் பிரெட் பிளெவின்ஸ்.

இதன் பிறகுதான் கடிதங்கள் மாறின. ஐயோ, எவ்வளவு நல்ல பையன், எவ்வளவு பெரிய தியாகம்! நான்கு வருஷமாக அவன் செய்ததற்கு மதிப்பில்லை. நான்கு விநாடியில் செய்ததற்கு மதிப்பு வந்தது. உடல் அடிபட்டு இரத்தம் சிந்தினாலன்றி நல்லவன் நல்லவன் ஆகமாட்டானா?

வாசகர்களைத் திட்டுவது எளிது. நானும் இதை எழுதத் தொடங்கியபோது அதற்கே துணிந்தேன். ஆனால் இரண்டொரு நாள் யோசித்தபின் அவர்கள் பக்கத்திலும் ஓரளவு நியாயம் இருப்பதாகப் படுகிறது. நாம் ஒருவனைப் போற்றுவது அவனுக்கு வாய்த்ததற்காகவா, அவன் தெரிந்து செய்ததற்காகவா? துப்பாக்கியின் முன் பாய்ந்தது மொழியாற்றலின் காரியமன்று. எந்த ஆற்றலும் இல்லாத சாதாரணப் பையனும் அதைச் செய்யலாம். டக் அந்தக் கணத்தில் வரம் பெற்றவன் என்ற நிலையை விட்டிறங்கி வெறும் மனிதனாய் நின்றான்; அவனுடைய சொந்தச் சொத்து என்று கூறத்தக்கது அச்செயல்தான். அதைப் போற்றியவர்கள் தவறு செய்யவில்லை. அதை மட்டும் போற்றியதே தவறு. ஏனெனில் ரேனுக்காகப் பாய்ந்தவனும் வார்லாக்கின் முன் ஓடாமல் நின்றவனும் ஒருவனேயன்றோ? அங்கே நிற்கத் தெரிந்தவனால்தான் இங்கே பாயவும் முடிந்தது. தோழர்கள் ஒவ்வொருவரையும் காக்க ஏதோ ஒரு ஆற்றல் இருந்தது. இவனைக் காக்க எதுவுமில்லை. இருந்தும் அவர்களோடு ஒவ்வொரு அபாயத்துக்கும் போனான். மரத்தின் பின்னே நின்றதைக் கோழைத்தனம் என்று சிரித்தவர்கள், அவன் அந்த மரத்தடி வரையில் எப்படி வந்தான் என்று கேட்கவில்லை.

இனி வார்லாக்கின் கதை. அது 64ஆம் இதழில் வருகிறது. என் மனத்தை அதிகம் வாட்டியது அதுவே. அவன் குலத்தாரின் உயிர் நம்முடையதைப் போன்றதன்று. ஆகவே மரணம் என்றால் என்ன என்பது அவனுக்கு விளங்கவில்லை. நண்பன் ஏன் எழுந்திருக்கவில்லை என்று கேட்கிறான். சவப்பெட்டியிலிருந்து உடலை எடுத்துக்கொண்டு போய், அதற்கு உயிரூட்ட முயல்கிறான். ரேன் மகிழ்வாள் என்று எண்ணி அவளிடமே அதைக் கொண்டு வந்து நிறுத்துகிறான். அவளுடைய அலறலின் பொருளும் அவனுக்குத் தெரியவில்லை. அதுவரை உலகத்தில் எது புரியாவிட்டாலும் டக்கிடம் கேட்பான். இதை யாரிடம் கேட்பது? மொழிபெயர்ப்பவன் போனபின், அவன் போய்விட்டான் என்ற செய்தியை மொழிபெயர்த்துச் சொல்ல ஆளில்லை.

சித்திரக் கதை உலகில் இறந்தவர்கள் வெகுநாள் இறந்தே இருப்பதில்லை. 2009இல் டக் மீண்டும் எழுப்பப்பட்டான். முதலில் ஒரு கொடியவளின் ஏவலில், பழைய தோழர்களையே தாக்க வருகிறான். உடலசைவும் ஒரு மொழியே. அதனையும் படிக்க வல்லவனாதலால், எதிராளி கையை ஓங்குமுன்பே அடி எங்கே விழும் என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. தனியொருவனாய் நின்று தோழர் கூட்டத்தையே திணறடிக்கிறான். வாசகர்களுக்கு இதில் வெகு திருப்தி. எனக்கில்லை. கல்வெட்டைப் படித்தவன் அக்கல்லைப் பெயர்த்துப் பிறர் மண்டையில் போடும்போதுதான் கைதட்டுவோம் என்றால், நாம் கைதட்டுவது கல்லுக்குத்தான்.

உண்மையான நீதி அவனுக்கு 2019இல்தான் கிடைத்தது. கிரக்கோவா என்று ஓர் உயிருள்ள தீவு. 1975ஆம் ஆண்டுச் சிறப்பிதழில் அது பகையாக வந்தது. அக்காலத்து வீரர்கள் அதனோடு பொருது, பூமியிலிருந்தே பெயர்த்து வானவெளியில் எறிந்தார்கள். வீரம் என்றால் அப்படியன்றோ இருக்கவேண்டும்! நாற்பத்து நான்கு வருஷம் கழித்து ஜானதன் ஹிக்மன் எழுதிய கதையில், கிரக்கோவா மியூட்டன்ட் மக்களுக்குத் தாயகமாகிறது. அது எவ்வாறு முடிந்தது? பேராசிரியர் டக்கை அத்தீவுக்கு அழைத்துச் சென்றார். அவன் அதனுடன் பேசினான். அது என்ன விரும்புகிறது என்பதை மக்களுக்கும், மக்கள் என்ன விரும்புகிறார்கள் என்பதை அதற்கும் சொன்னான். அந்நாட்டுக்கென்று ஒரு புதுமொழியும் எழுத்தும் அவனே வகுத்தான். மண்ணோடு பேசத் தெரிந்தவன் அவன் ஒருவனாதலால், அந்நாட்டின் பெருந்தலைவர்கள் எல்லாரும் அவன் வாயை எதிர்பார்த்து நின்றார்கள். பொருதெறியப்பட்ட தீவும் பேசி வாழப்பட்ட தீவும் ஒரே பெயருடையவை என்பதை நினைக்கும்போது, 1975இல் அந்த வீரர்களோடு இப்படி ஒரு பையன் இருந்திருந்தால் என்று தோன்றாமலில்லை.

அடுத்த ஆண்டில், 2020இல், வேடிக்கையான ஒரு சம்பவம். வாள்வீரர்கள் பொரும் பெரும்போட்டி ஒன்றில் டக்கையும் வாளேந்தச் செய்கிறார்கள். எதிரில் நிற்பவள் பெய் என்னும் மாபெரும் வீராங்கனை. போட்டி என்ன தெரியுமா? இருவருக்கும் கலியாணம்! அவள் பேசும் மொழியோ அவனுக்கு விளங்கவில்லை. எல்லா மொழியும் அறிந்தவனுக்கு வாய்த்த மனைவியின் மொழி மட்டும் புரியவில்லை. இதைப் படித்துவிட்டு என் மைத்துனர் நெடுநேரம் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, பிறவி ஆற்றல் கைகொடுக்காத இடத்தில்தான் மற்றவர்களைப் போல் அவனும் முகம் பார்த்து, பொறுத்திருந்து, தப்பாகப் புரிந்துகொண்டு, மறுபடி கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. உழைக்காமல் வந்த அறிவென்று குறை கூறியவர்களுக்கு இங்கே பதில் கிடைக்கிறது.

2024இல் கதை மறுபடியும் திரும்பிற்று. வலியவனே வாழத் தகுந்தவன், மற்றவன் மாளத் தகுந்தவன் என்று போதித்து வந்த அபோகலிப்ஸ் என்னும் மாற்றான், தன் வாரிசாக டக்கைத் தேர்ந்துகொண்டான். அந்த அளவுகோலின்படி முதலில் மாண்டிருக்க வேண்டியவன் டக், மாண்டும் போனவன். அவனுக்கு இப்போது புதுப்பெயர், ரெவலேஷன். புது ஆற்றலும் உண்டு. அவன் சொன்னால் கேட்டவர் கீழ்ப்படிந்தே தீரவேண்டும். பிறர் சொல்வதைக் கேட்டவன், தான் சொல்வதைப் பிறர் கேட்கச் செய்பவன் ஆகிவிட்டான். தமிழில் "கேட்பது" என்ற ஒரு சொல்லே இரண்டுக்கும் பொருந்தி நிற்கிறது. ஆனால் ஒன்று செவி கொடுப்பது, மற்றொன்று அடங்கி நடப்பது. கதாசிரியர்கள் ஒருவேளை இதனை வளர்ச்சி என்று கருதியிருக்கலாம். எனக்கு என்னவோ, பையனை இரண்டாம் முறை கொன்றதாகவே தோன்றுகிறது.

இதையெல்லாம் என் தமக்கை மகனிடம் ஒரு மாலை முழுவதும் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், "சரி, உனக்கு ஓர் ஆற்றல் கிடைக்குமென்றால் எதைக் கேட்பாய்?" என்றேன்.

"சாம் மாதிரிப் பறக்கணும் மாமா," என்றான். சிறிது நேரம் கழித்து, "ஆனா வார்லாக் வந்தா டக்கைக் கூப்பிடுவேன்," என்றான்.